பின்வாசலில் விற்ற மாசிக்காய்

அங்காடி மருந்துக்கடையின் முன்வாசலில் நிற்கிறவர்கள் நோவின் பேரைச் சொல்லி மருந்து கேட்பார்கள். பின்வாசலில் நிற்கிறவர்கள் மருந்தின் பேரை மட்டும் சொல்லி நோவை மறைத்துக்கொள்வார்கள்.

எங்கள் நாட்டுமருந்துக்கடை திருவனந்தபுரம் சாலைத் தெருவில். முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் ஒரு சந்து. முன்னால் தராசுக்கு எங்கள் வீட்டுக்காரர். பின்னால் சந்து வழியாக வருகிற பெண்பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்க அத்தை, அதாவது என் மாமியார். அத்தைக்கு முட்டுவலி வந்து கால் மடக்க முடியாமல் போனபோது என்னை அங்கே உட்கார வைத்தார்கள். திருவிதாங்கூர் சக்கரக் காசு போய் அணா வந்த சமயம் அது. மகள் பகவதி என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். நான் கோட்டாற்றில் நாலாம் கிளாஸ் வரைக்கும் படித்தவள். முன்பின் தெரியாதவர்கள் பேசினால் தரையைப் பார்த்துத்தான் எனக்குப் பதில் வரும்.

அப்படிப்பட்டவள் இதை எழுத வந்ததற்குக் காரணம், படிக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது இந்த நோவு வந்திருக்கும். மிச்சப் பாதிப் பேருக்கும் வந்திருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். நோவு இதுதான்: பெண்ணின் அந்தரங்க இடத்தில் ஈரம் வற்றிப் போவது. அதனால் புருஷனோடு சேரும்போது வலிப்பது, பிறகு எரிவது. இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு நான் எழுந்து அடுக்களைக்குப் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாமலே ஊதிவிட்டுத் திரும்பி வந்தேன்.

குழந்தைக்குத்தான்

பின்வாசலில் அதிகம் போகிற சரக்கு மாசிக்காயும் படிகாரமும். மாசிக்காயைப் பச்சைப்பிள்ளைக்கு உரைத்து நாக்கில் தடவுவது எல்லா வீட்டிலும் உள்ளது. ஆனால் வாங்கிப் போகிற பெண்களில் பலர் அதை இடித்துக் கொதிக்க வைத்து, படிகாரத்தையும் அதில் கரைத்து, பிரசவத்தில் தளர்ந்த உடம்பு இறுகட்டும் என்று அந்தத் தண்ணீரில் கழுவுகிறவர்கள். கேட்கும்போது எல்லாரும் ஒரே மாதிரி, குழந்தைக்குத்தான் என்பார்கள். எனக்கு முதலில் இது தெரியாது.

முதல் நாள் வந்தவள் வலியசாலை அக்ரஹாரத்து மாமி ஒருத்தி. நரைத்த தலை, கையில் கோயில் பூ. மாசிக்காயும் படிகாரமும் வேணும், குழந்தைக்கு என்றாள். குழந்தைக்குப் படிகாரம் ஆகாதே என்று நினைத்து, தரையைப் பார்த்தபடி, குழந்தைக்கு எத்தனை மாசம் என்று கேட்டுவிட்டேன். மாமி சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குனிந்து சொன்னாள்: "குழந்தைக்கு ஐம்பது வயசு தாண்டியாச்சுடி பொண்ணே, நீ பொட்டலத்தைக் கட்டு."

அத்தை போட்ட தண்ணீர்

எனக்கும் அதே தண்ணீர்தான். பகவதி பிறந்த பிறகு இலையெல்லாம் போட்டுக் கொதித்த வேதுவெள்ளத்தில் குளியல், லேகியம், பத்தியம் எல்லாம் அத்தை குறைவில்லாமல் செய்தாள். அதில் ஒன்றும் குற்றம் சொல்ல மாட்டேன். கடைசியில் ஒரு செம்பு மாசிக்காய்த் தண்ணீரும் தருவாள், அவள் சொன்ன இடத்தைக் கழுவ. பேறுகாலம் கழிந்த பிறகும் அது நிற்கவில்லை.

வீட்டுக்காரரோடு மறுபடி ஒரே அறை என்று ஆனபோது, எனக்கு ஈரத் தோலில் மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். சில நாள் கழித்துப் பல்லைக் கடித்தும் முடியாமல், பிள்ளை அழுகிறாள் என்று எழுந்து போக ஆரம்பித்தேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கும் தெரியும். அவர் பாயை எடுத்துக்கொண்டு கடை பெஞ்சுக்குப் போய்விட்டார். அங்கே காற்று வருகிறதாம்.

பாய் இடம் மாறினதை அத்தை பார்த்தாள். என்னிடம் கேட்கவில்லை, செம்பில் மாசிக்காயைக் கூட்டினாள். அப்படியும் பாய் திரும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு முதலில் கட்டினவள் ஒருத்தி உண்டு. காற்றாட நாலு நாள் இருந்துவிட்டு வா என்று அம்மை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னமும் அவள் அங்கேதான் காற்றாடிக்கொண்டிருக்கிறாள். இங்கே வேறொருத்தி வந்து இரண்டு பிள்ளையும் ஆயிற்று. அதனால், ஒருநாள் அத்தை எனக்குச் சோறு போட்டபடி இதைச் சொன்னபோது எடுத்த உருண்டையைத் திரும்ப இலையில் வைத்தேன்: "ஆவணி பிறந்தா கோட்டாத்துல நல்ல காத்து வரும் பிள்ளே, நீயும் கொஞ்சநாள் உங்க அம்மைகூடப் போய் இரேன்."

எரிந்தால் நல்லது

பழவங்காடிப் பக்கம் நெய் வியாபாரம் செய்கிறவரின் மனைவி, என் வயசுக்காரி. அவளும் கைப்பிள்ளைக்காரிதான். வாங்கிப் போன பொட்டலத்தில் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். சரக்கு பழசாக இருக்கும், புதுசு பார்த்துத் தரவேண்டும் என்றாள். உள்ளே முட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அத்தைக்கு எங்கள் சரக்கைப் பழசு என்றால் பொறுக்காது. அங்கிருந்தே என்ன சங்கதி என்று கேட்டாள். எரிகிறது என்றாள் அவள். எதில் எரிகிறது என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றாள் அத்தை.

அவள் அந்தப் பாதிப் பொட்டலத்தைத் திரும்ப இடுப்பில் செருகினாள். அவள் நடந்து போன விதம் எனக்குத் தெரிந்த நடை. துணி உரசாமல் இருக்கக் காலைக் கொஞ்சம் அகட்டி வைக்கிற நடை. என்னைக் கவனித்தாளோ என்னவோ, வாசல்படியில் நின்று திரும்பி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "மருந்து வேலை செய்யட்டும் அக்கா, வேலையை முடிச்சுட்டு அது எப்போ வீட்டுக்குப் போகும்னு உங்க அத்தைகிட்டே கேட்டுச் சொல்லுங்க."

சூடு

யாரிடமும் விஷயத்தைச் சொல்லாமலே வைத்தியம் கேட்க முடியும் என்பதை இந்த ஊரில்தான் படித்தேன். உடம்பில் சூடு என்றால் போதும். அடுத்த வீட்டுக்காரி உச்சியில் எண்ணெய் வைக்கச் சொன்னாள். பூக்காரி கரிக்கு குடிக்கச் சொன்னாள், இளநீரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். இன்னொருத்தி வெந்தயத்தை ஊறவைத்து முழுங்கச் சொன்னாள். எல்லாவற்றையும் செய்தேன். எனக்கு ஜலதோஷம் பிடித்தது, என்னிடமிருந்து பகவதிக்குப் பிடித்தது. மூக்கு ஒழுகியதே தவிர வற்றின இடம் வற்றினபடியேதான்.

கடைசியில் வீட்டுக்காரரிடமே கேட்டுவிடுவது என்று துணிந்தேன். என்னைப் பற்றி அல்ல. மத்தியானம் அவர் சுக்கு நிறுத்துக்கொண்டிருக்கையில், பின்வாசலுக்கு ஒருத்தி வந்தாள், பிள்ளை பெற்ற பிறகு புருஷனோடு இருக்க முடியவில்லையாம், வறட்சியாம், வலியாம், என்ன கொடுக்க என்று கேட்டேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். கை தராசைப் பிடித்தது பிடித்தபடி நின்றது. சுக்கு இருந்த தட்டு மட்டும் ஆடி ஆடி ஓய்ந்தது. பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அதுக்கு மருந்து எதுக்கு? அந்தப் பொண்ணுக்குப் புருஷனைப் பிடிக்கலே, அவ்வளவுதான்."

மழைக்கு ஒதுங்கின சிஸ்டர்

ஏலியாம்மா சிஸ்டர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். தன் அம்மாவுக்கு அயமோதகம், நம்முடைய ஓமம்தான், எங்களிடம் வாங்குவாள். எப்போதும் முன்வாசலில்தான் வருவாள். அன்று நல்ல மழை, முன்னால் ஆண்கள் கூட்டம் ஒதுங்கி நின்றதால் சந்து வழியாக வந்தாள். அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். மழை விடட்டும் என்று என் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் வந்த ஒருத்தி, குழந்தைக்குத்தான் என்று மாசிக்காயும் படிகாரமும் வாங்கிப் போனாள். அவள் போனதும் சிஸ்டர் நேராகவே கேட்டாள், இது எங்கே போடத்தான் கொண்டுபோகிறாள் என்று. எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. பொட்டலக் காகிதத்தை அடுக்க ஆரம்பித்தேன். நீயும் உபயோகிக்கிறாயா என்றாள்.  கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

அவள் ஒரு மாசிக்காயை எடுத்து என் கையில் வைத்துக் கடி என்றாள். நாள்தோறும் விற்கிறேன், ஒருநாளும் வாயில் வைத்தது கிடையாது. கடித்தேன். நாக்கு அப்படியே சுருண்டது. கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொண்டன. எச்சில் என்பதே வாயில் இல்லாமல் போயிற்று.

பிறகு அவள் சொன்னதை எனக்குப் புரிந்தமட்டும் எழுதுகிறேன், எழுதத்தான் வேண்டும். பிள்ளை பால் குடிக்கிற காலத்தில் தாயின் உடம்பு அந்த ஈரத்தைச் சுரக்க வைக்கிற சத்தைக் குறைத்துக்கொள்ளும். மாசாமாசம் தூரம் வராமல் இருப்பதும் அதனால்தான். பால் குடி மறந்து, தூரம் திரும்ப வந்தால் பெரும்பாலும் தானே சரியாகும். அதற்காகப் பிள்ளையின் பாலை நிறுத்த வேண்டாம். மாசிக்காய், படிகாரம், சோப்பு ஒன்றும் அங்கே படக்கூடாது, வெறும் தண்ணீர் போதும். சேரும்போது சுத்தமான தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம். அவசரம் கூடாது, பெண்ணின் உடம்பு இணங்குகிற வரைக்கும் புருஷன் பொறுக்க வேண்டும், வலித்தால் நிறுத்த வேண்டும், அதை அவனிடம் சொல்ல வேண்டும். ரத்தம் பட்டாலோ, நாற்றத்தோடு வெள்ளை பட்டாலோ, பால் மறந்த பிறகும் வலி போகாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். தூரம் நின்ற வயசிலும் இதே வறட்சி வரும். அது தானாகப் போகாது, ஆனால் டாக்டரம்மாவிடம் அதற்குத் தடவ மருந்து உண்டு.

எல்லாம் கேட்டேன். அதில் அவனிடம் சொல்ல வேண்டும் என்பதைக் கேட்டபோது, மிச்சத்தையெல்லாம் வீணாகக் கேட்டோம் என்று தோன்றிவிட்டது. மழை விட்டது. சிஸ்டர் குடையை உதறிக்கொண்டே, சுருண்ட நாக்கோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, பிள்ளையைக் கொச்சு என்கிற தன் மலையாளத்தமிழில் சொன்னாள்: "நாக்கு இப்படி ஆனா, பாக்கி எப்படி ஆகும்னு நீயே ஆலோசிச்சு நோக்கு கொச்சே."

ஒரு கரண்டி எண்ணெய்

செம்புத் தண்ணீரை அத்தைக்குத் தெரியாமல் சாக்கடையில் ஊற்ற ஆரம்பித்தேன். சில நாளில் எரிச்சல் அடங்கியது. உட்கார எழுந்திருக்க முடிந்தது. நீங்களும் அந்த மட்டுக்காவது செய்யுங்கள், அதற்கு யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. எண்ணெய்தான் கஷ்டம். எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்ப் பரணிச் சாடி அத்தையின் கட்டிலுக்குக் கீழே. கிண்ணத்தோடு போய் நின்றேன். தாளிக்கக் காலையிலேயே எடுத்தாயிற்றே, இப்போது எதற்கு என்றாள். என் வாயில் தானாக வந்தது: "குழந்தைக்குத்தான் அத்தை."

சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து

கிண்ணத்தில் எண்ணெய் இருந்தது, பாய் கடை பெஞ்சில் இருந்தது. ஆடி பிறந்துவிட்டது. அத்தை என் டிரங்குப் பெட்டியைத் தட்டி வெயிலில் வைத்தாள், பூச்சி அரிக்கிறதாம்.

அப்போதுதான் ஒரு நாள் முன்வாசலில் ஒரு ஆள் வந்தார். செக்ரெட்டேரியட்டில் குமஸ்தா என்று பேச்சில் தெரிந்தது. மனைவி சொல்லியனுப்பினதைப் பாடம் ஒப்பிப்பது போல மாசிக்காய், படிகாரம் என்றார். போன தடவை வாங்கினது பலிக்கவில்லை, கூடுதல் வேண்டுமாம் என்றார். எங்கள் வீட்டுக்காரர் கூடுதலாகவே அள்ளித் தட்டில் போட்டார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சாக்குத் திரைதான். அதற்குப் பின்னால் நான் நின்றேன். அந்தக் குமஸ்தாவின் மனைவியை நான் பார்த்ததில்லை, ஆனால் அவள் நடை எப்படி இருக்கும் என்று தெரியும். கொடுக்காதீங்க என்று ஒரு குரல் கேட்டது. என் குரல் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. குமஸ்தா பொட்டலம் வாங்காமல் இறங்கிப் போய்விட்டார்.

மத்தியானம் கடைப் பலகையைச் சார்த்திவிட்டு வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அப்படிக் கோபமாக அவரைப் பார்த்ததில்லை. வியாபாரத்தைக் கெடுக்க உனக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். சிஸ்டர் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு வாயில் வரவில்லை. சாக்கிலிருந்து ஒரு மாசிக்காயை எடுத்து அவர் கையில் வைத்து, கடிச்சுப் பாருங்க என்றேன். அவ்வளவுதான் வந்தது. அப்பன் காலத்திலிருந்து அதை விற்கிறவர், அவரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கடித்தார். அவர் முகம் சுருங்கினதைப் பார்த்தேன். அவர் வாயை அசைக்க முடியாமல் நிற்கும்போது பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அத்தை நாள்தோறும் என்னை இதில்தான் கழுவச் சொன்னாள் என்றேன். பிள்ளை பால் குடிக்கிறதால் வந்த வறட்சியாம், இது அதைக் கூட்டிவிட்டதாம் என்றேன். உங்களைப் பிடிக்காமல் இல்லை என்றேன்.

அவர் பானையில் மொண்டு குடித்தார். மறுபடி மொண்டு குடித்தார். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் தடவையாக அவர்தான் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்: "தண்ணி குடிச்சும் போகலியே பிள்ளே."

மாமியின் பொட்டலம்

பாய் அறைக்குத் திரும்பியது. வலி முழுக்கப் போயிற்று என்று சொன்னால் பொய். எண்ணெய் இருக்கிறது, அவர் பொறுக்கிறார், சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சோடு திரும்பிப் படுக்கிறார். அந்தப் பெருமூச்சுக்கு மருந்து சிஸ்டரும் சொல்லவில்லை. அத்தை கோபம் தீரவில்லை. ஆவணியைத் தைக்குத் தள்ளி வைத்திருக்கிறாள், பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. பின்வாசலில் என்னை உட்கார வைத்தால் சரக்கு போகாது என்று, முட்டுவலியோடு அவளே வந்து உட்காருகிறாள். அவள் இல்லாத நேரத்தில் வருகிறவர்களுக்கு மட்டும் நான் சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறார்கள். கேட்டுவிட்டுப் போய், அடுத்த நாள் அத்தையிடம் மாசிக்காய் வாங்குகிறார்கள். எண்ணெய்க்குச் செலவில்லை, ஆனால் புருஷனிடம் சொல்லவேண்டும். மாசிக்காய் என்றால் சொல்லவேண்டாம்.

அந்த வலியசாலை மாமி வந்தாள். ஆஸ்பத்திரியில் உங்கள் வயசுக்குத் தடவ மருந்து உண்டாம் என்று சொன்னேன். மாமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் பட்டாலே காந்துகிறது, ராத்திரி தூக்கமில்லை, இத்தனை வருஷமாக இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று நினைத்தேனே என்றாள். பிறகு, ஆஸ்பத்திரிக்குத் தனியாக விடமாட்டார்கள், அவரோ பிள்ளையோ கூட வருவார்கள், பிள்ளையிடம் என்னவென்று சொல்ல என்று கேட்டாள். அவரிடம் சொல்லுங்கள் மாமி என்றேன். சொல்ல வராது என்றாள். எனக்கும் வரவில்லை என்று சொல்லி, நான் செய்ததைச் சொல்லி, ஒரு மாசிக்காயைத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மாமி அதைக் கோயில் பூவோடு வைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொடுத்தீர்களா மாமி என்று கேட்டேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே என் மடியில் திருப்பி வைத்தாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இப்போதும் நிச்சயமில்லை: "கொடுக்கத்தான் போனேன்டி பொண்ணே, கிட்டப் போனதுக்கப்புறந்தான் ஞாபகம் வந்தது, அவருக்குக் கடிக்கப் பல்லே இல்லையாக்கும்."

தை பிறந்தும் நான் கோட்டாற்றுக் காற்றுக்குப் போகாமல் தப்பினால், அது மருந்தாலும் அல்ல, என் சாமர்த்தியத்தாலும் அல்ல, எனக்குப் பல்லுள்ள புருஷன் வாய்த்ததால்தான்.